பல்பு வாங்கியவர்கள்: கேள்வி-பதில்

எல்இடி வெளிச்சம் விழித்திரையை அரித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய குண்டு பல்புக்கே போய்விடலாமா?
— வாசகி, காட்பாடி

வேண்டாம். வெள்ளை எல்இடிக்குள் எரிவது நீல விளக்குதான். மேலே பூசிய மஞ்சள் பாஸ்பரில் பட்டு வெள்ளையாகத் தெரிகிறது. அதனால் நீலம் கொஞ்சம் தூக்கலாக இருப்பது உண்மை. ஆனால் நம்ம ஊர் உச்சிவெயிலில் வாசலில் நின்றால் வெளிச்சத்தின் அளவு ஒரு லட்சம் லக்ஸ். ராத்திரி ஹாலில் எல்லா விளக்கையும் போட்டாலும் முந்நூறு தேறினால் பெரிது. ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2018-ல் இதை அலசியது. வழக்கமான பயன்பாட்டில் ஆரோக்கியமானவர்களுக்கு நேரடிக் கேடு வருவதாக ஆதாரமில்லை என்றது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கண் அதிகம் கூசலாம் என்றும் சொன்னது. ஆகவே தொட்டிலுக்கு நேர் மேலே ஸ்பாட்லைட் வேண்டாம். நீங்கள் கவலைப்பட வேண்டியது தூக்கத்தைப் பற்றி. படுக்கையறையில் 6500 கெல்வின் பளீர் வெள்ளையைப் போட்டுவிட்டு, பிள்ளை பத்து மணிக்கும் தூங்கவில்லை என்றால் எப்படி? அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் (மஞ்சள் கலந்த வெளிச்சம்) என்று பார்த்து வாங்குங்கள்.

எல்இடி பல்பு கீழே விழுந்து உடைந்துவிட்டது. பாதரசம் பரவியிருக்குமா?
— ஆம்பூர்

இல்லை. பாதரசம் இருந்தது எல்இடிக்கு முன் வந்த வளைந்த குழாய் பல்பான சிஎஃப்எல்லில். தைரியமாகப் பெருக்குங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மினுக் மினுக்கென்று லேசாக எரிகிறது. மாமியார் பயப்படுகிறார்.
— குடியாத்தம்

மாமியார் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. சுவிட்சில் குட்டி இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அதன் வழியாகக் கசியும் மின்சாரமே எல்இடி மினுங்கப் போதும். அது ஒன்றும் செய்யாது. இண்டிகேட்டர் இல்லையென்றால், வயரிங் செய்தவர் கரண்ட் வரும் பேஸ் கம்பிக்குப் பதில் நியூட்ரல் கம்பியை சுவிட்சில் கொடுத்திருக்கக்கூடும். அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றுபவர் கதி என்ன? எலக்ட்ரீஷியனை இந்த வாரமே கூப்பிடுங்கள். அதுவரை மெயினை அணைக்காமல் பல்பில் கை வைக்கவேண்டாம்.

தெருவோர வண்டியில் பத்து பல்பு ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு மாதத்தில் ஏழு போய்விட்டது. பில் இல்லை, பெட்டியும் இல்லை. இழப்பீடு கிடைக்குமா?
— சத்துவாச்சாரி

யாரிடமிருந்து? வண்டி இப்போது எந்த ஊரில் நிற்கிறதோ!

இந்த மாதிரிக் கடிதம்தான் எனக்கு அதிகம் வருகிறது, ஒவ்வொரு முறையும் எரிச்சலும் வருகிறது. இந்தியாவில் எல்இடி பல்பை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் (பிஐஎஸ்) பதிவு செய்யாமல் விற்கக்கூடாது. பல்பிலோ பெட்டியிலோ பிஐஎஸ் முத்திரையும், 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால் தயாரிப்பாளர் யாரென்று தெரியும். நூறு ரூபாய் பல்புக்கு இவ்வளவா என்பீர்கள். மலிவுப் பல்பில் மிச்சம் பிடிப்பது, கரண்ட்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட்டில்தான். மின் காப்பைக் குறைப்பான், கெபாசிட்டரைக் குறைப்பான். இணையத்தில் நான் மலிவாக வாங்கிய எல்இடி பட்டை ஒன்றை பூஜையறையில் மாட்டினோம். சாமி படத்தின் தகரச் சட்டத்தைத் தொட்ட என் மனைவிக்குச் சுரீரென்றது. அதைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் தீபாராதனை. அப்புறம் பில். கடைக்காரர் பல்பின் அடியில் மார்க்கரால் தேதி எழுதித் தருகிறார், நாமும் அதை கேரண்டி என்று நம்புகிறோம். கை வேர்வையில் அழியும் மை! 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள்.

மீதி மூன்றையும் கழற்றிவிடுங்கள்.

லேத் பட்டறையில் வேலை. முதலாளி புது எல்இடி டியூப் மாட்டியதிலிருந்து தலைவலி. சில நேரம், லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் சக் நிற்பதுபோல் தெரிகிறது. கண் டெஸ்ட்டில் கோளாறில்லை.
— ராணிப்பேட்டை

உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது, கோளாறு டியூபில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரைவர் மட்டமாக இருந்தால் விளக்கு விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி தரும். மூன்று ஜா (பிடிக்கும் தாடை) உள்ள சக் 2000 ஆர்பிஎம்மில் ஓடினால் விநாடிக்கு 33 சுற்றும் சொச்சமும், அதாவது நூறு முறை ஒரு ஜா அடுத்த ஜாவின் இடத்துக்கு வரும். விளக்கின் துடிப்பும் அதுவும் ஒத்துப்போக, சக் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். அதை நம்பிக் கை நீட்டினால் விரல் போகும். பழைய சோக் டியூப்லைட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. அதனால்தான் பட்டறைகளில் விளக்குகளை மூன்று பேஸிலும் பிரித்துக் கொடுப்பார்கள், மெஷின் பக்கத்தில் தனியாக ஒரு குண்டு பல்பும் எரியும். மொபைலின் ஸ்லோமோஷனில் அந்த டியூபைப் படம் பிடியுங்கள். துடிப்பு அப்பட்டமாகத் தெரியும், முதலாளியிடம் காட்டுங்கள். ஃப்ளிக்கர் (இந்தத் துடிப்பு) இல்லாத டிரைவர் உள்ள டியூப் கேளுங்கள். மாற்றும் வரை கண்ணை நம்பாமல், மெயின் சுவிட்சை அணைத்த பிறகே சக்கைத் தொடுங்கள்.

எல்இடி வெளிச்சத்துக்கு, நீல ஒளியை வடிகட்டும் 'ப்ளூ கட்' கண்ணாடி வாங்கலாமா?
— பாகாயம்

என்னுடையது அலமாரியில் தூங்குகிறது, வேண்டுமானால் தருகிறேன். கண் சோர்வைக் குறைப்பதில் அதற்கும் சாதாரணக் கண்ணாடிக்கும் அநேகமாக வித்தியாசமில்லை என்று 2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்த ஒரு பையன், டியூப்லைட் கதிர்வீச்சால் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்தி, 'கதிர்வீச்சை உறிஞ்சும் விளக்கு' என்று 2,800 ரூபாய்க்கு ஒன்றைத் தந்தான். மகன் பார்த்துவிட்டு சாதாரண விளக்கு என்கிறான். போனில் கேட்டால் திரும்ப எடுக்க மாட்டார்களாம். பென்ஷன் பணம் தம்பி.
— ஆற்காடு, 71 வயது அம்மா

அம்மா, உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. வீட்டில் தனியாக இருப்பவர்களைப் பார்த்துப் பயமுறுத்தி விற்பது இவர்கள் தொழில். விளக்கு எதுவும் கதிர்வீச்சை உறிஞ்சாது. பொய் சொல்லி விற்பதும் முறையற்ற வணிகம்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனால் தள்ளிப் போடாதீர்கள். ரசீதை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், மெஷின் ரசீதில் எழுத்து மங்கிப்போகும். விளக்கையும் பெட்டியையும் தூக்கிப் போடவேண்டாம். அந்தப் பையன் மறுபடி வந்தால் கதவைத் திறக்காமல் மகனைக் கூப்பிடுங்கள்.