காப்பீட்டுப் பணத்துக்காகக் கட்டடத்துக்குத் தீ வைப்பதை அரசால் தடுக்க முடியுமா?

முடியும். ஆளைப் பிடித்து ஜெயிலில் போடுவதைவிட, லாபத்தையே இல்லாமல் செய்வதுதான் நல்ல வழி என்பேன். 1774இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் லண்டனுக்காகக் கொண்டுவந்த தீத்தடுப்புச் சட்டத்தின் 83ஆவது பிரிவைப் பாருங்கள். வீட்டுக்காரரே கொளுத்தியிருப்பார் என்று சந்தேகம் வந்தால், காப்பீட்டு நிறுவனம் பணத்தை அவர் கையில் கொடுக்காமல், எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டவே செலவழிக்க வேண்டும். காசு கைக்கு வராது என்றால் எதற்குக் கொளுத்தப் போகிறார்?

அமெரிக்கா தாமதமாகத்தான் விழித்தது. 1970களில் பாஸ்டனின் சிம்பொனி சாலையில் வீடுகள் அடுத்தடுத்து எரிந்தன. குடித்தனக்காரர்களே சொத்து ஆவணங்களைத் துருவி, யாருக்கு லாபம் என்று காட்டினார்கள். அப்புறம்தான், 1977இல், மாநில அரசு 33 பேர் மீது வழக்குப் போட்டது. வீட்டு உரிமையாளர்களோடு வக்கீல்களும் சிக்கினார்கள்.