அப்பா காலத்தைவிட நாம் குறைவாக வரி கட்டுகிறோமா? – கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பது என் தொழில். "சாதாரண மக்களின் வரிச்சுமை முன்பைவிடக் குறைந்திருக்கிறதா?" என்ற பொருளில் நம் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

நெய்வேலியிலிருந்து ஒரு சம்பளக்காரர்: சார், 2001 வாக்கில் என் அப்பா மார்ச் மாதம் வந்தாலே வரிப் பிடித்தம் போகக் கையில் என்ன மிஞ்சும் என்று கவலைப்படுவார். நான் வருடத்துக்கு 11 லட்சம் வாங்குகிறேன். எனக்கு வரியே வராது என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். உங்கள் அப்பாவின் கணக்கை முதலில் பார்ப்போம். 2001-02இல் 50,000 ரூபாய் வரைதான் வரி கிடையாது. அதற்கு மேல் 60,000 வரை 10%, 1.5 லட்சம் வரை 20%, அதைத் தாண்டினால் 30%. வரிக்குரிய வருமானம் 2 லட்சம் என்றால் 1,000 + 18,000 + 15,000, மொத்தம் 34,000 ரூபாய் வரி. சேமிப்புக்குக் கிடைத்த கழிவு, சர்சார்ஜ் (வரியின்மேல் போடும் கூடுதல் வரி) எல்லாம் தனி.

அந்த 2 லட்சம் இன்றைக்கு எவ்வளவு? வருமான வரித் துறையே வெளியிடும் பணவீக்கக் குறியீட்டில் 2001-02க்கு 100, 2025-26க்கு 376. அப்படிப் பார்த்தால் சுமார் 7.5 லட்சம். விலைவாசி இதைவிடச் சற்றுக் கூடவே ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், இன்றைய புதிய முறையில் (பெரும்பாலான கழிவுகளை விட்டுவிட்டுக் குறைந்த விகிதத்தில் கட்டுவது) 12 லட்சம் வரை வரிக்குரிய வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரி பூஜ்யம். சம்பளக்காரருக்கு 75,000 நிலைக் கழிவும் சேர்வதால் 12.75 லட்சம் வரை கட்ட வேண்டியதில்லை. உங்கள் அப்பாவுக்கு 1.5 லட்சத்திலேயே தொடங்கிய 30% இப்போது 24 லட்சத்துக்கு மேல்தான் தொடங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சலுகை புதிய முறைக்குத்தான். பழைய முறையில் அடிப்படை வரம்பு 2014இலிருந்து அதே 2.5 லட்சம்தான், 10 லட்சத்துக்கு மேல் 30%தான். பெரிய வீட்டுக் கடன் வட்டி, வாடகைப்படி என்று கழிக்க நிறைய இருப்பவர்கள் மட்டும் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஐயா, எழுபதுகளில் 100 ரூபாய் சம்பாதித்தால் 97 ரூபாயை அரசு எடுத்துக்கொள்ளும் என்று பேசிக்கொள்வோம். அது உண்மையா, வெறும் பேச்சா?

உண்மைதான் ஐயா, ஆனால் உங்களையும் என்னையும் போன்றவர்களுக்கு அல்ல. 1973-74இல் மேல்தட்டு விகிதம் 85%, அதன்மேல் 15% சர்சார்ஜ், ஆக 97.75%. அது வருடத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் சம்பாதித்த பகுதிக்கு மட்டும். அந்தக் காலத்து 2 லட்சம் யாரிடம் இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். விகிதம் அவ்வளவு உயரத்தில் இருந்ததால் பலர் வருமானத்தை மறைத்தார்களே தவிர, கஜானா பெரிதாக நிரம்பவில்லை. 1985இல் நிதியமைச்சராக இருந்த வி.பி.சிங் அதை 50% ஆக்கினார். 1992இல் மன்மோகன் சிங் 20, 30, 40 என்று மூன்று அடுக்காக்கினார். 1997இல் ப.சிதம்பரம் 10, 20, 30 என்று கொண்டுவந்தார்.

ஆனால் அன்றைய நடுத்தரக் குடும்பத்துக்கும் சுமை இல்லாமல் இல்லை. 1973-74இல் வரியில்லா வரம்பு வெறும் 5,000. மாதம் 420 ரூபாய் வாங்கிய குமாஸ்தாவும் அந்த வலைக்குள் வந்துவிடுவார். 1974இல் கட்டாய வைப்புத் திட்டம் வந்து, ஏறிய அகவிலைப்படியில் பாதியை அரசு பிடித்து வைத்துக்கொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். சைக்கிளுக்குக்கூட நகராட்சியில் வரி கட்டிப் பில்லை மாட்டிய காலம் அது.

பண்ருட்டியிலிருந்து ஒரு இளைஞர்: அண்ணே, எனக்கு மாதம் 15,000 சம்பளம், கடலூரில் ஒரு கடையில் வேலை. "நீயெல்லாம் வரி கட்டாதவன், எங்கள் வரிப் பணத்தில்தான் உனக்கு இலவசம்" என்று கூடப் படித்த ஐடி நண்பன் சொல்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தம்பி, இந்த வரிசையில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்ட கேள்வி உங்களுடையதுதான். பொறுமையாகப் படித்து, அவரிடமும் காட்டுங்கள்.

பண்ருட்டியிலிருந்து கடலூர் போய்வர 50 கிலோமீட்டருக்குக் குறையாது. பைக்குக்கு ஒரு லிட்டர் போகும். 2025இல் நம் பக்கம் பெட்ரோல் 100 ரூபாயை ஒட்டி விற்றது. அதில் மத்திய கலால் வரி சுமார் 22 ரூபாய். தமிழ்நாட்டின் வாட் (மாநில விற்பனை வரி) 13 சதவீதமும், அதன்மேல் லிட்டருக்கு 11.52 ரூபாயும். இரண்டும் சேர்ந்தால் ஒரு லிட்டரில் 40 ரூபாய்க்கு மேல் வரி. மாதம் 26 நாள் வேலை என்றால் 1,040 ரூபாய்க்கு மேல் நீங்கள் பங்க்கிலேயே கட்டிவிடுகிறீர்கள். உங்கள் சம்பளத்தில் அது கிட்டத்தட்ட 7 சதவீதம். செல்போன் ரீசார்ஜில் 18%, செருப்பு, சட்டை, ஓட்டல் சாப்பாடு ஒவ்வொன்றிலும் 5% என்று போய்க்கொண்டே இருக்கும்.

உங்கள் நண்பர் மாதம் ஒரு லட்சம் வாங்குகிறார் என்று வையுங்கள். அவருக்கு இன்று வருமான வரி பூஜ்யம். அவரும் அதே பெட்ரோலை, அதே அளவுக்குப் போட்டால் அதே 1,040 ரூபாய்தான். அவர் சம்பளத்தில் அது ஒரு சதவீதம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்பவர்கள் நாட்டில் 8, 9 கோடிப் பேர்தான் இருக்கிறார்கள், அதிலும் பெரும்பாலோர் பூஜ்ய வரிக்காரர்கள். பொருள் வாங்கும்போது வரி கட்டுபவர்களோ 140 கோடிப் பேர். பிச்சை எடுப்பவரும் டீ குடித்தால் சர்க்கரைக்கு வரி கட்டிவிட்டுத்தான் குடிக்கிறார். யாரும் இந்த நாட்டில் வரி கட்டாதவர் இல்லை தம்பி. தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு இல்லத்தரசி: ஜிஎஸ்டியைக் குறைத்துவிட்டதாகச் சொன்னார்களே, மளிகை பில்லில் ஒன்றும் தெரியவில்லையே?

சோப்பு, ஷாம்பு, பற்பசை 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. அச்சிட்ட விலையைப் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குறைந்திருக்க வேண்டும். ஆனால் மளிகைச் செலவில் பெரிய பங்கு அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி. அவற்றில் பலவற்றுக்கு முன்பே வரி கிடையாது, அல்லது 5 சதவீதம்தான். அதனால் மொத்தத் தொகையில் பெரிதாகத் தெரியாது.

அரிசியில் ஒரு விஷயம் கவனியுங்கள் அம்மா. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பை கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5% வரி. அதைத் தாண்டிய பைக்கு இல்லை. கடையில் 26 கிலோ மூட்டை ஏன் வந்தது என்று யோசித்திருப்பீர்கள், காரணம் இதுதான். மொத்தமாக மூட்டை வாங்க முடிந்தவர்களுக்கு வரி இல்லை. வாரக் கூலி வாங்கி 5 கிலோ பாக்கெட் எடுப்பவருக்கு வரி உண்டு. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால்? ஜிஎஸ்டிக்கு முன்பு ஒரு சோப்பில் 12.5% கலால் வரி விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பில்லில் 14.5% தமிழ்நாட்டு வாட் மட்டும்தான் தெரியும். அந்த வகையில் சோப்புக்கு வரி இறங்கியது நிஜம்தான்.

முத்தியால்பேட்டையிலிருந்து: முன்பெல்லாம் கடலூர்க்காரர்கள் டிவி, மிக்சி வாங்க இங்கே வருவார்கள். இப்போது பெட்ரோலுக்கு மட்டும்தான் வருகிறார்கள். ஏன்?

2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்த பிறகு டிவிக்குக் கடலூர்ப் பக்கத்து ஆல்பேட்டையிலும் அதே வரி, புதுச்சேரிப் பக்கத்து முள்ளோடையிலும் அதே வரி. பெட்ரோல், டீசல், மது மூன்றும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அந்தந்த அரசு வைத்ததுதான் வரி. புதுச்சேரியில் வாட் குறைவு. கன்னியக்கோயில் பங்க்குகளில் நம் டிஎன்-31 வண்டிகள் நிற்பது அதனால்தான்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு விசைப்படகு உரிமையாளர்: எங்கள் டீசலுக்கு வரி இல்லை என்கிறார்களே, பிறகு ஏன் இந்த விலை?

உங்களுக்கு ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்று அளவு வைத்துக் கொடுக்கும் டீசலுக்கு மாநில விற்பனை வரிதான் விலக்கு. மத்திய கலால் வரி அதில் இருக்கிறது.

கடலூரில் மனை வாங்கப் போகும் ஒருவர்: பத்திரச் செலவும் வீட்டு வரியும் அப்பா காலத்தில் இவ்வளவு இல்லையே?

வீட்டு வரியில் நீங்கள் சொல்வது சரி. 2022 ஏப்ரலில் சென்னை தவிர்த்த மற்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரை வீடுகளுக்கு 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதற்கு மேல் 100% என்று உயர்த்தினார்கள். நம் ஊர் அப்போதுதான் மாநகராட்சி ஆகியிருந்தது.

பத்திரத்தில் இப்போது முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%. 2017இல் வழிகாட்டி மதிப்பை (ஒவ்வொரு இடத்துக்கும் அரசு வைக்கும் மதிப்பை) 33% குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்காக்கினார்கள். 2023 ஜூலையில் மதிப்பைப் பழையபடி ஏற்றிக் கட்டணத்தை இரண்டாக்கினார்கள். சதவீதம் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். எந்த மதிப்பின்மேல் அந்தச் சதவீதம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உங்கள் சர்வே எண்ணுக்கான வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள்.

காலாப்பட்டிலிருந்து ஒரு பொருளாதார மாணவி: மொத்தமாகப் பார்த்தால் சுமை ஏறியதா, இறங்கியதா? கம்பெனிகளுக்குக் குறைத்துவிட்டு எங்களிடம் வாங்குகிறார்கள் என்பது சரியா?

மத்திய, மாநில வரிகள் இரண்டையும் சேர்த்தால் 1950-51இல் நாட்டு உற்பத்தியில் 6% சொச்சம். எண்பதுகளின் கடைசியில் 16 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. இன்று 17, 18க்குள். ஆக மொத்தச் சுமை இறங்கவில்லை.

கம்பெனி வரியை 2019 செப்டம்பரில் 22% ஆக்கினார்கள். சர்சார்ஜ், செஸ் (குறிப்பிட்ட செலவுக்கென்று போடும் கூடுதல் வரி) சேர்த்தால் 25.17%. 2023-24இல் தனிநபர் வருமான வரியாக வந்தது 10 லட்சம் கோடிக்கு மேல், கம்பெனி வரி 9 லட்சம் கோடி சொச்சம். ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது. பணக்காரர்களின் மொத்தச் சொத்து மதிப்பின்மேல் இருந்த செல்வ வரி 2016 ஏப்ரலோடு போய்விட்டது, இறந்தவர் சொத்துக்கான வரி 1985இலேயே போய்விட்டது. உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது அம்மா.

மீண்டும் பண்ருட்டி இளைஞர்: அண்ணே, நன்றி. அரசிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் நீங்கள் எதைக் கேட்பீர்கள்?

பெட்ரோல், டீசல் வரியைத்தான். 2014 ஏப்ரலில் பெட்ரோலில் மத்திய கலால் 9.48 ரூபாய். கச்சா எண்ணெய் விலை விழுந்தபோதெல்லாம் அந்த லாபத்தை நமக்குத் தராமல் வரியை ஏற்றி ஏற்றி, 2020 மே மாதம் 32.98க்குக் கொண்டுபோனார்கள். 2021 நவம்பரில் 5, 2022 மே மாதம் 8 குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி 2 ஏற்றினார்கள். பங்க் விலை மாறாததால் யாரும் கவனிக்கவில்லை. அதில் பெரும்பகுதி செஸ், சிறப்புக் கூடுதல் கலால் வரி என்பதால் மாநிலங்களுக்குப் பங்கு தரவும் தேவையில்லை.

மாநிலமும் சும்மா இருக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது, அதே போல் இன்னொரு முறை செய்யலாம். வருவாய் போகும் என்பார்கள். 12 லட்சம் வரை வருமான வரியைத் தள்ளுபடி செய்தபோதும் வருவாய் போகத்தான் செய்தது. மாதம் ஒரு லட்சம் வாங்குபவருக்காக அதைத் தாங்க முடிந்தவர்கள், 15,000 வாங்குபவருக்காகவும் ஒரு லிட்டருக்குப் பத்து ரூபாய் தாங்கலாம்.