முதுமையியல் படிக்க விரும்பும் மகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் கலைப்பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறார், முதுமையியல் (முதுமையையும் முதியோர் வாழ்வையும் ஆராயும் துறை) பக்கம் போக ஆசைப்படுகிறார், "வயதுபோன ஆக்களைப் பார்க்கிறதுக்கு ஏன் பட்டம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள்.

தேவை இருக்கிறதா என்று பயப்பட வேண்டாம். இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தனியே இருக்கும் பெற்றோரை நீங்களே தினமும் காண்கிறீர்கள். ஆனால் தேவை வேறு, சம்பளத்தோடு ஒரு பதவி வேறு. 'முதுமையியலாளர்' என்று கேட்டு இங்கே விளம்பரம் வருவது மிக அரிது. சமூகப்பணியாளர், தாதி, இயன்மருத்துவர், உளவளத்துணையாளர், திட்ட உத்தியோகத்தர் என்றுதான் ஆள் எடுப்பார்கள். ஆகவே காலூன்ற ஒரு தொழில் வேண்டும். அந்தத் தொழிலில் மற்றவர்களை விட மகளை ஒரு படி மேலே நிறுத்துவதுதான் முதுமையியல். முதியோர் மருத்துவத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் அதைப் படிப்பவர்கள் மருத்துவர்கள்.

இப்போது அவசரமானது பாடத்தெரிவு. மூன்று வருடப் பொதுப்பட்டம் 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப்பட்டம் 120 கிரெடிட். புள்ளிகள் இடம் கொடுத்தால் சிறப்புப்பட்டமே நல்லது, ஏனென்றால் ஆய்வேடு எழுதும் வாய்ப்பு அதில்தான். சமூகவியலோ உளவியலோ பிரதானமாக இருந்தால், குடித்தொகையியலையும் புள்ளிவிபரவியலையும் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். கணக்குக்குப் பயந்து இவற்றை விட்டவர்கள் பிறகு மதிப்பாய்வு அறிக்கை எழுதும் வேலைகளுக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்கிறார்கள்.

ஆய்வேட்டில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மறதிநோய் பற்றி எழுத ஆசைப்பட்டு, நான்காம் வருடம் தொடங்கிய பிறகுதான், மனிதரிடம் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிப்பார்கள். நினைவாற்றல் குறைந்தவரின் சம்மதத்தை யார் கொடுப்பது என்று குழு கேட்கும். திருத்தம், மறுதிருத்தம் என்று மாதங்கள் ஓடும். கடைசியில் அறிமுகமான ஒரே முதியோர் இல்லத்தில் இருபது பேரைக் கேட்டுவிட்டு, நாட்டு முதியோர் எல்லோரையும் பற்றி முடிவு எழுதுவார்கள். மூன்றாம் வருட இறுதியிலேயே தலைப்பையும் விண்ணப்பத்தையும் முடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு பிரதேச செயலகப் பிரிவு, ஒரு கேள்வி போதும். பராமரிக்கும் மகள்மாரின் சுமை என்பது நல்ல தலைப்பு. நேர்காணத்தக்கவர்கள் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் தமிழ் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

விடுமுறையில் களப்பயிற்சிக்குப் போகட்டும். முதியோருக்காக வேலை செய்யும் ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா போன்ற அமைப்பிலோ முதியோர் இல்லத்திலோ கேட்டுப் பாருங்கள். சும்மா கதைத்துக்கொண்டிருந்தால் சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும். குளித்தல், உடுத்தல், மலசலகூடம் போதல், கட்டிலிலிருந்து எழும்புதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு, உணவு உண்ணுதல் ஆகிய ஆறிலும் ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று அளந்து பதியப் பழக வேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை முழுதாக வாசிக்கட்டும். பிள்ளைகள் பார்க்காவிட்டால், அந்தச் சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புச் சபைக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம் என்பது பட்டதாரிகள் பலருக்கே தெரியாது.

சிங்களம் பேசினால் மட்டும் போதாது, அறிக்கை எழுதவும் வேண்டும். மூன்று மொழியிலும் ஒரு முதியவரின் விபரக் கோவையை எழுதத் தெரிந்தவர் கொழும்பில் சுலபமாகக் கிடைப்பதில்லை.

தனியார் நிறுவனம் ஒன்று 'முதியோர் பராமரிப்பு டிப்ளோமா' என்று பணம் கேட்டால், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்தக் கற்கைநெறியே பதிவாகியிருக்கிறதா, எந்தத் தேசிய தொழில் தகைமை மட்டம் என்று பார்த்த பிறகு கட்டுங்கள். நிறுவனம் மட்டும் பதிவாகியிருந்தால் போதாது. பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். ஜப்பானுக்குப் பராமரிப்பாளராக அனுப்புகிறோம் என்பவர்களுக்காகப் படிப்பை நிறுத்த வேண்டாம். அந்த வேலைக்கு மொழிப் பரீட்சையும் திறன் பரீட்சையும்தான் தேவை, அதைப் பட்டம் முடித்த பிறகும் எழுதலாம்.

பாடத்தெரிவுப் படிவம் கொடுக்கும் முன் மகளின் முதலாம் வருடப் பெறுபேறுகளையும் பீடத்தின் விருப்பப் பாடப் பட்டியலையும் அனுப்பிவையுங்கள். நேரசூசியில் எவை மோதுகின்றன என்று சேர்ந்து பார்க்கலாம்.