எந்தச் செடிக்கு எந்தத் தொட்டி?

கேள்வி: சின்ன நாற்றுப் பையில் வாங்கிய செம்பருத்தியை, எப்படியும் பெரிதாகத்தானே வளரப்போகிறது என்று நேராக 18 அங்குலத் தொட்டியில் வைத்தேன். தினமும் தண்ணீர் விடுகிறேன். ஆனாலும் இலை மஞ்சளாகி உதிர்கிறது. என்ன உரம் போடலாம்?

பதில்: உரப் பையைத் தொடவே தொடாதீர்கள். அந்தத் தொட்டியில் மண் ஏராளம், தண்ணீரும் ஏராளம், வேர்தான் கைப்பிடி அளவு. சுற்றிலும் இருக்கும் அவ்வளவு மண்ணிலும் ஈரத்தை உறிஞ்ச வேர் கிடையாது. ஈரம் அப்படியே தங்கிவிடுகிறது. மண்ணில் காற்று இருக்கவேண்டிய இடுக்குகளில் எல்லாம் தண்ணீர் நிற்பதால், வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் அழுக ஆரம்பிக்கிறது. அழுகிய வேரால் நீரை எடுக்க முடியாது, செடி வாடும். வாடுகிறதே என்று பதறி நீங்கள் இன்னும் ஒரு வாளி ஊற்றுவீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த வாளியைப் பற்றித்தான்.

அங்குலக் கணக்கு ஆளை ஏமாற்றும். தொட்டியின் மேல்வாய் அகலத்தைத்தான் அளவாகச் சொல்கிறோம். 6 அங்குலத் தொட்டியை விட 12 அங்குலத் தொட்டி இரண்டு மடங்கு என்று தோன்றும். இரண்டும் ஒரே வடிவமாக இருந்தால், உள்ளே பிடிக்கும் மண் எட்டு மடங்கு! 6-லிருந்து 18-க்குத் தாவினால் இருபத்தேழு மடங்கு. அதனால் சின்னத் தொட்டியிலிருந்து மாற்றும்போது 2 அங்குலம் கூட்டினால் போதும். 10 அங்குலத் தொட்டியைத் தாண்டிய செடிகளுக்கு 3, 4 அங்குலம் வரை கூட்டலாம்.

உங்கள் செம்பருத்தியை இன்றைக்கே வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெளுப்பாக, விரலில் அழுத்தினால் உறுதியாக இருப்பது நல்ல வேர். கரும்பழுப்பாக, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு நடுநரம்பு மட்டும் மிஞ்சினால் அது போய்விட்டது. அதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, மிஞ்சிய வேருக்குத் தகுந்தபடி 6 அல்லது 8 அங்குலத் தொட்டிக்கு இறக்குங்கள். விரலை மண்ணில் இரண்டு கணு அளவு விட்டு, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

கேள்வி: தொட்டி மாற்றும் நேரம் வந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? வருடம் ஒருமுறை மாற்றவேண்டும் என்கிறார்களே?

பதில்: காலண்டர் செடிக்குத் தெரியாது. சில செடிகள் ஒரே பருவத்தில் தொட்டியை நிரப்பிவிடும். சில மூன்று வருடமானாலும் அசையாது. கவனிக்கவேண்டியது தண்ணீரைத்தான். ஊற்றியதும் நிற்காமல் அடித்துளை வழியாக ஓடிவிடுகிறதா? காலையில் நன்றாக நனைத்தும் மதியத்துக்குள் துவள்கிறதா? புது இலைகள் பழையவற்றை விடச் சிறுத்து வருகின்றனவா? துளையில் வேர் எட்டிப் பார்க்கிறதா? இவற்றில் இரண்டு இருந்தால் கழற்றிப் பார்த்துவிடலாம்.

முந்தின நாளே தண்ணீர் விட்டு வையுங்கள். தண்டை விரல்களுக்கு நடுவே விட்டு, உள்ளங்கையால் மண்ணைத் தாங்கியபடி தொட்டியைக் கவிழ்த்து விளிம்பில் தட்டுங்கள். மண் உதிர்ந்து கொட்டினால் இன்னும் காலம் இருக்கிறது, பேசாமல் திரும்ப வைத்துவிடுங்கள். மண் உருக்குலையாமல் வந்து, வேர் ஓரமெல்லாம் தெரிந்தால் சரியான தருணம். மண்ணே தெரியாமல் நூல்கண்டு மாதிரி வேர் சுற்றியிருந்தால் தாமதமாகிவிட்டது. அப்படியே புதுத் தொட்டியில் வைத்தால் அந்த வேர் பழைய வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், புது மண்ணுக்குள் சுலபமாகப் போகாது. நான்கு பக்கமும் மேலிருந்து கீழாகக் கத்தியால் அரை அங்குல ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். அடியில் பாய்போல் படிந்திருப்பதை வெட்டியே எடுத்துவிடலாம். இதற்கென்றே பல் வைத்த பழைய கத்தி ஒன்று வைத்திருக்கிறேன். வேரை வெட்டக் கை கூசுபவர்கள் கூசாமல் செய்யலாம், வெட்டிய இடத்திலிருந்து புது வேர் கிளைக்கும்.

கேள்வி: வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் கல் போடலாமா?

பதில்: வேண்டாம். மண்ணிலிருக்கும் நீர் கல்லுக்குள் லேசில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறித் தளும்பிய பிறகுதான் இறங்கும். கல் போட்டால் அந்தச் சொதசொத அடுக்கு மேலே ஏறி வேரை நெருங்கும், அவ்வளவுதான் லாபம். மண் வெளியேறாமல் இருக்கத் துளைமேல் ஒரு துண்டு வலை போதும்.

கேள்வி: காய்கறி நாற்றுகளையும் படிப்படியாகத்தான் மாற்றவேண்டுமா? எந்தக் காய்க்கு எவ்வளவு பெரிய தொட்டி?

பதில்: இங்கே சட்டம் கொஞ்சம் தளரும். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் வேகமாக வேர்விடுபவை. முதலில் வரும் விதையிலைகளைக் கணக்கில் சேர்க்காமல், உண்மையான இலைகள் மூன்று நான்கு வந்ததும் நாற்றை நேராகக் கடைசித் தொட்டிக்கே கொண்டுபோகலாம். தூக்கும்போது தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடியுங்கள். இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் கதை முடிந்தது.

தக்காளிக்கு 14 அங்குலம் அல்லது 20 லிட்டர் பை. மிளகாய்க்கு 10, கத்தரிக்கு 12. கீரைக்கு ஆழம் 6 அங்குலம் இருந்தாலே போதும், அகலம்தான் வேண்டும். முள்ளங்கி, கேரட்டை இடம் மாற்றாதீர்கள், கிழங்கு கவைகவையாகப் பிரிந்துவிடும். வெள்ளரி, பாகல் வகைகளுக்கும் வேரைத் தொட்டால் பிடிக்காது. நேரடியாக விதைப்பது நல்லது.

தக்காளியை மட்டும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாகப் புதைக்கலாம், மண்ணுக்குள் போன தண்டிலும் வேர் வரும். மற்றவற்றைப் பழைய மண்மட்டத்திலேயே வையுங்கள். ஒட்டு ரோஜா என்றால் ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரியட்டும்.

கேள்வி: இதற்கு மேல் பெரிய தொட்டி வைக்க இடமில்லை. செடியைத் தூக்கி எறிய மனசில்லை.

பதில்: எறியவேண்டாம். வெளியே எடுத்து, வேரில் கால்பங்கை அடியிலும் ஓரத்திலும் சீவிவிட்டு, அதே தொட்டியில் புது மண்கலவையோடு வையுங்கள். கிளைகளையும் கொஞ்சம் கழித்துவிடுங்கள், குறைந்த வேர் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்கத் திணறும். செடி பூத்திருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். துளிர்விடும் பருவத்துக்குச் சற்று முன்பு நல்லது. காகிதப்பூவாக இருந்தால் அவசரமே இல்லை. வேர் நெருக்கத்தில்தான் அது நன்றாகப் பூக்கும்.

கேள்வி: நேற்று மாற்றிய செடி இன்று தலை தொங்கிவிட்டது!

பதில்: நுண்வேர்கள் அறுந்திருக்கும், இயல்புதான். ஒரு வாரம் நிழலில் வையுங்கள். முதல் நாள் அடித்துளையில் வழியும்வரை தண்ணீர், அப்புறம் மேல்மண் காய்ந்தால் மட்டும். உரத்தை ஒரு மாதம் மறந்துவிடுங்கள். இனி மாற்றும்போது சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு மாற்றுங்கள்.