மாலைக்குள் சுருண்டு இறுக்கும் அழுத்தக் காலுறை

சகோதரி, சென்னை ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பதாகவும், கால் ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருளும் வெரிகோஸுக்கு டாக்டர் சொன்ன அழுத்தக் காலுறை மாலைக்குள் முழங்காலுக்குக் கீழே சுருண்டு இறுக்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அநேகமாக அளவுதான் தவறு. செருப்பு சைஸை மட்டும் வைத்து வாங்காதீர்கள். காலையில், வீக்கம் ஏறும் முன், கணுக்காலையும் கெண்டைக்காலையும் டேப்பால் அளந்து வாங்குங்கள். நீளம் மிஞ்சினாலும் மேல் விளிம்பை மடிக்கவே கூடாது. அங்கே அழுத்தம் கூடி, ரத்தம் மேலே ஏறுவதையே தடுக்கும். படுக்கையை விட்டு இறங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை இருந்தால், கால் தமனிகளில் ரத்த ஓட்டம் சரியா என்று டாக்டரிடம் முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், கடையில் இருக்கை கேளுங்கள். 2021 சட்டத் திருத்தப்படி தமிழ்நாட்டில் அது உங்கள் உரிமை.