பொன்னாடையும் பஞ்சப்படியும்

கேள்வி: தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் எங்களைப் போன்ற மூத்த குடிமக்களுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள் என்று ஆவலோடு காத்திருந்தேன். ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. முதியோருக்கு ஒதுக்கிய நிதி போதுமா?
- ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மன்னார்குடி (பெயர் போட வேண்டாம் என்கிறார்)

பதில்: துண்டு விழவில்லை என்று யார் சொன்னது? தமிழ்நாட்டில் துண்டு விழாத பட்ஜெட்டைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. உங்கள் தோளில் விழவில்லை, அவ்வளவுதான்.

அது போகட்டும். பொன்னாடை என்று எழுதிவிட்டீர்களே, ஐயா! இந்தப் பக்கத்தில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று கோவை நண்பர் ஒருவர் எனக்கு விடாமல் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பொன்னாடை மொத்த வியாபாரி என்பது என் நெடுநாள் சந்தேகம். நானாக எடுக்கவில்லை, மன்னார்குடிக்காரர் எடுத்துக் கொடுத்தார் என்று அவர் குறித்துக்கொள்ளட்டும்.

உலகத்திலேயே எதற்கும் உதவாத துணி ஒன்று உண்டென்றால் அது பொன்னாடைதான். குளிருக்குப் போர்த்த முடியாது, ஜரிகை குத்தும். தலை துவட்டினால் ஈரம் தலையிலேயே இருக்கும். மேஜையில் விரித்தால் காபி டம்ளர் சறுக்கும். கொலுப்படியில் விரிக்கலாமே என்பார்கள். சரி, மிச்ச முந்நூற்றுச் சொச்சம் நாளுக்கு என்ன செய்வது? வேலைக்கார அம்மாவிடம் கொடுத்தால் 'வேற பழைய துணி இல்லீங்களா' என்று கேட்கிறார். ஓரத்தில் குங்குமக் கறை பட்ட பொன்னாடை ஒன்று எனக்கு ஒரு புத்தக வெளியீட்டில் வந்து சேர்ந்தது. அடுத்த கூட்டத்தில் அதை ஒரு கவிஞருக்குப் போர்த்திக் கைகழுவினேன். மாவட்டம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே கறையோடு ஒரு நூலக விழாவில் மறுபடி என் தோளுக்கே வந்தது. போர்த்தியவர் காதருகே குனிந்து, 'உங்களுக்காகவே வாங்கியது' என்றார்.

ஸ்டாலின் திமுகவின் செயல் தலைவரான புதிதில், பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று கட்சிக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். நல்ல யோசனை. என் அனுபவத்தில் அப்படி வரும் புத்தகங்களில் பாதி, கொடுப்பவரே எழுதியது. குங்குமக் கறையே தேவலை.

இப்போது பட்ஜெட். உங்களுக்குப் பொன்னாடை போர்த்தவில்லை என்பது அபாண்டம். பளபளவென்றே போர்த்தியிருக்கிறார்கள். 'அன்புச்சோலை' என்ற பெயரில் 25 பகல்நேரப் பராமரிப்பு மையங்கள், 10 கோடி ரூபாய். பெயர் சூட்டுவதில் நம் கோட்டையை மிஞ்ச இந்தியாவில் ஆளில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பூட்டிய வீட்டுக்குள் டி.வி.யோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இப்படி ஓர் இடம் வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. கணக்கில்தான் சண்டை. 2011 கணக்கெடுப்பிலேயே இந்த மாநிலத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 75 லட்சம் பேர், மக்கள்தொகையில் பத்து சதவீதத்துக்கு மேல். இன்று இன்னும் அதிகம். வயதானவர்கள் விகிதத்தில் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் நாம்தான் இருக்கிறோம். 10 கோடியை அந்தப் பழைய 75 லட்சத்தால் வகுத்தாலே தலைக்கு 13 ரூபாய் சொச்சம். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு.

அந்த பட்ஜெட் சமயத்தில் நாடு முழுவதும் என்ன விவாதம் நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறியை எடுத்துவிட்டு 'ரூ' என்ற எழுத்தைப் போட்டார்கள். டெல்லி கொதித்தது, சென்னை சிலிர்த்தது, தொலைக்காட்சிகளுக்குப் பொழுது போயிற்று. அந்த 'ரூ'வுக்குப் பக்கத்தில் கிழவிக்கு எவ்வளவு போட்டிருக்கிறது என்று ஒரு சானலும் கேட்டதாக நினைவில்லை.

எவ்வளவு? அந்த பட்ஜெட் போட்டபோது மாதம் 1,200. ஊரில் ஓ.ஏ.பி. பணம் என்று சொல்வோமே, அந்த முதியோர் ஓய்வூதியம். காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், 1962 ஏப்ரலில், மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம். மத்திய அரசு எட்டிப் பார்க்கவே 1995 ஆயிற்று. நாம் முன்னோடி, மறுக்கவில்லை. 2011இல் ஜெயலலிதா அதை 1,000 ஆக்கினார். அடுத்த உயர்வு 2023இல், 200 ரூபாய். நடுவில் பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் துவரம்பருப்பு அப்படியே நின்றதா, அரிசி நின்றதா, பிரஷர் மாத்திரை நின்றதா?

இங்கேதான், ஐயா, 'எங்களைப் போன்ற' என்று நீங்கள் எழுதியது இடிக்கிறது. நீங்கள் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். உங்கள் ஓய்வூதியத்துக்கு ஜனவரியில் ஒரு பஞ்சப்படி, ஜூலையில் ஒரு பஞ்சப்படி. சில சமயம் தாமதமாகும், நிலுவை இழுக்கும், சங்கம் கொடி பிடிக்கும், பிறகு வந்துவிடும். விலைவாசி ஏறினால் உங்கள் தொகையும் ஏற வேண்டும் என்று அரசாணை இருக்கிறது. உங்கள் தெருமுனையில் ஓ.ஏ.பி. வாங்கும் பாட்டிக்கு அப்படி எதுவும் கிடையாது. அவளுக்கு விலைவாசி என்பது தேர்தல் அறிக்கையில் மட்டும் ஏறும். இருவரும் ஒரே ரேஷன் கடை வரிசையில் நிற்பதால் ஒரே ஜாதி ஆகிவிட மாட்டீர்கள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவளுக்கு ஒரு சேலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுவாவது உடுத்துகிற துணி.

1,200இல் இன்னொரு வேடிக்கை. மத்திய அரசின் திட்டத்தில் வருபவர்களுக்கு, 79 வயது வரை, டெல்லி தருவது மாதம் 200. நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. 2007இல் இந்திரா காந்தி பெயரை வைத்தபோதும் 200தான், இன்றும் 200தான். எண்பதைத் தொட்டால் 500 ஆக்குவார்கள், தொடுகிறவர்களுக்கு. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சாக்கிட்டு ரயிலில் முதியோர் கட்டணச் சலுகையையும் நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. இதைப் பலமுறை எழுதிவிட்டேன். இனியும் எழுதுவேன், அலுத்துக்கொள்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஆக, டெல்லியின் 200 வாங்குபவர்களுக்கு மாநிலம் தன் பையிலிருந்து போடுவது 1,000. 2023 செப்டம்பரிலிருந்து குடும்பத் தலைவிக்கு மகளிர் உரிமைத் தொகை எவ்வளவு? அதுவும் 1,000. ஓ.ஏ.பி. வாங்கும் பெண்ணுக்கு உரிமைத் தொகை கிடையாது, இரண்டில் ஒன்றுதான். அதாவது நாற்பது வயதில் நூறு நாள் வேலைக்குப் போகத் தெம்பிருக்கும் பெண்ணுக்கு அரசு எவ்வளவு செலவிடுகிறதோ, அதே தொகையைத்தான் எழுபது வயதில் இடுப்பு ஒடிந்து கிடப்பவளுக்கும் செலவிடுகிறது. அவளுடைய முதுமைக்கென்று கோட்டை தனியாக ஒரு பைசா வைக்கவில்லை. அந்த 200ஐ வைத்தது டெல்லி! எனக்கு டெல்லியைப் பாராட்ட வேண்டிய நிலைமை வந்ததற்கு உங்கள் கேள்விதான் காரணம்.

இந்த 1,200 கிடைப்பதும் லேசில்லை. ஆதரவற்றவர் என்று நிரூபிக்க வேண்டும். இ-சேவை மையம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தனி தாசில்தார் என்று படி ஏற வேண்டும். 'பையன் திருப்பூர்ல இருக்கானே, பாத்துக்க மாட்டானா?' என்ற கேள்வி வந்துவிட்டால் மனு அங்கேயே படுத்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளாத பையனுக்கும் சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போனால் மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளையைத் தரச் சொல்லி உத்தரவிட முடியும். ஒரு மேஜையில் பிள்ளை இருக்கிறான், போ என்கிறார்கள். இன்னொரு மேஜையில் பிள்ளை மேல் மனு கொடு, வா என்கிறார்கள். எந்தத் தாய் தன் மகனைக் கோட்டாட்சியர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள்? ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று, பட்டினி கிடந்தாலும் 'எம்புள்ள நல்லாத்தான் பாத்துக்கறான்' என்றுதான் சொல்வாள்.

ஆந்திரத்தில் 2024 ஜூலையிலிருந்து முதியோர் ஓய்வூதியம் 4,000. ஒன்றாம் தேதி வீட்டுக்கே வந்து கையில் கொடுக்கிறார்கள். தெலங்கானாவில் 2,016. அந்தப் பதினாறு எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். ஆந்திரா கடனில் மூழ்கிக் கிடக்கிறதே என்பார்கள். நாம் மட்டும் கரையில் நின்றா பேசுகிறோம்?

நான் கேட்பது 4,000கூட இல்லை. உங்களுக்குப் பஞ்சப்படி ஏறும்போதெல்லாம், அதே சதவீதம், அதே தேதியில், ஓ.ஏ.பி.யும் ஏற வேண்டும். முதல்வர் மனது வைத்து அறிவிக்கக் காத்திருக்கக் கூடாது. உங்கள் ஓய்வூதியர் சங்கம் அடுத்த மாநாட்டில் இதை ஒரு தீர்மானமாகப் போடட்டுமே. உங்கள் சங்கம் கேட்டால் கோட்டையில் காது கேட்கும். பாட்டிகளுக்குச் சங்கம் கிடையாது.

உங்களுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், சென்னையில் குடியேறிவிடுங்கள். அங்கே 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கன் 2016 முதல் உண்டு. மன்னார்குடியில் உங்கள் வீட்டம்மாவுக்கு டவுன் பஸ் இலவசம், உங்களுக்கு டிக்கெட். சில்லறை சரியாகக் கொடுங்கள், கண்டக்டர் பாவம்.