முகில் ஏன் ஒரே விண்மீனாகச் சுருங்குவதில்லை? விண்மீன் கொத்துகள் பற்றிய கேள்விகளும் பதில்களும்

விண்மீன்கள் கூட்டமாகப் பிறக்கும் வாயு முகிலான ஓரியன் நெபுலாவைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்தைச் சுற்றியே வந்தன: ஒரு வாயு முகிலிலிருந்து ஆயிரக்கணக்கான விண்மீன்கள் எப்படி வருகின்றன? ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

இயற்பியல் ஆசிரியர் ஒருவர்: ஐயா, ஈர்ப்பு எல்லாவற்றையும் மையத்தை நோக்கி இழுக்கிறது. அப்படியானால் முகில் முழுவதும் ஒரே பெரும் பந்தாகத்தானே ஆக வேண்டும்? உடைவது எதனால்?

இந்தக் கேள்விக்கான கணக்கை பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902இல் போட்டார். வாயுவின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது, ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் இருந்தால் ஈர்ப்பு வெல்லும். அந்த எல்லைக்கு ஜீன்ஸ் நிறை என்று பெயர்.

ஓரியன் பகுதியின் அடர்ந்த முகில்களில் வெப்பநிலை சுமார் 10 முதல் 20 கெல்வின். 10 கெல்வின் என்றால் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில், ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் மூலக்கூறுகள் இருந்தால், ஜீன்ஸ் நிறை ஏறத்தாழ 5 சூரிய நிறை, அதாவது நம் சூரியனின் நிறையைப் போல் 5 மடங்கு. முகிலில் 1000 சூரிய நிறை வாயு இருக்கிறது என்று வையுங்கள். அதற்குள் தனித்தனியாகச் சுருங்கத் தகுதி பெற்ற பகுதிகள் 200 இருக்கின்றன. முகில் எங்கும் ஒரே சீராக இருந்தால் எல்லாம் மையத்தில் போய்ச் சேரலாம். உண்மையான முகில் கொந்தளிப்பால் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. அடர்த்தி கூடிய இடம் வேகமாகச் சுருங்கும். மொத்த முகிலும் மையத்தை அடைவதற்குள் அது தனக்கென ஒரு மையத்தை உருவாக்கிக்கொள்ளும்.

அடர்த்தி 100 மடங்கு கூடும்போது வெப்பநிலை மாறாமல் இருந்தால், ஜீன்ஸ் நிறை பத்தில் ஒரு பங்காகக் குறையும். அதாவது சுருங்கச் சுருங்க, மேலும் சிறிய துண்டுகளும் தனித்துச் சுருங்கத் தகுதி பெறுகின்றன. துண்டு மீண்டும் துண்டாகும் இந்தப் படிநிலையை பிரிட்டிஷ் வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் 1953இல் விளக்கினார்.

கல்லூரி மாணவி ஒருவர்: "வெப்பநிலை மாறாமல் இருந்தால்" என்கிறீர்கள். வாயுவை அழுத்தினால் சூடாகும் என்றுதானே படித்திருக்கிறோம்?

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முழு விஷயத்தின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. ஈர்ப்பு சுருக்க மட்டுமே செய்யும். முகில் உடைய வேண்டுமானால் வெப்பம் வெளியேற வழி வேண்டும்.

அழுத்தினால் வாயு சூடாகத்தான் செய்யும். ஆனால் இந்த முகில்களில் தூசும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. தூசு அகச்சிவப்பிலும், கார்பன் மோனாக்சைடு மில்லிமீட்டர் அலைகளிலும் அந்த வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே அனுப்பிவிடுகின்றன. முகிலில் மிகுந்திருப்பது ஹைட்ரஜன் மூலக்கூறுதான் என்றாலும், 10 கெல்வின் குளிரில் அதனால் கதிர்வீச முடியாது. நிறையில் நூற்றில் ஒரு பங்கே உள்ள தூசுதான் பெருமளவு வேலையைச் செய்கிறது.

தூசு இல்லாத நிலையையும் எண்ணிப் பாருங்கள். பிரபஞ்சத்தின் முதல் விண்மீன்கள் உருவானபோது கார்பனும் இல்லை, தூசும் இல்லை. ஹைட்ரஜன் மூலக்கூறு மட்டுமே குளிர்வித்ததால், வாயு சுமார் 200 கெல்வினுக்குக் கீழே இறங்குவது கடினம். வெப்பநிலை 4 மடங்கானால் ஜீன்ஸ் நிறை 8 மடங்காகும். அதனால்தான் முதல் விண்மீன்களில் பல, சூரியனைப் போல் பத்து மடங்கு, நூறு மடங்கு நிறையோடு பிறந்திருக்கும் என்று கணிக்கிறார்கள்.

அப்படியானால் உடைதல் எங்கே நிற்கும்? எறும்பு அளவுக்கு வருமா?

வராது. அடர்த்தி மிகவும் கூடும்போது தூசின் கதிர்வீச்சே வெளியேற முடியாமல் உள்ளே சிக்கிக்கொள்கிறது. வெப்பம் தங்குகிறது, ஜீன்ஸ் நிறை குறைவது நிற்கிறது, உடைதலும் நிற்கிறது. 1976இல் வானியலாளர் மார்ட்டின் ரீஸ் தனியாகவும், லோ, லிண்டன்-பெல் ஆகிய இருவர் சேர்ந்தும் போட்ட கணக்குகள் அந்த எல்லையைச் சில வியாழன் நிறை என்று காட்டின. பெர்சியஸ் விண்மீன் தொகுதியின் பகுதியில் சுமார் 1000 ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 1333 என்ற இளம் கொத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆராய்ந்தது. 2024இல் வெளியான முடிவில், 5 முதல் 15 வியாழன் நிறையுள்ள தனித்த பொருள்கள் கிடைத்தன. அதைவிடச் சிறியவற்றையும் காணும் திறன் இருந்தும் எதுவும் தென்படவில்லை. தாளில் போட்ட கணக்குக்கு இவ்வளவு அருகில் வானம் வந்து நிற்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

புகைப்படங்களில் முகில் நூல் நூலாகத் தெரிகிறதே?

ஆம். 2009இல் ஏவப்பட்ட ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கிதான் இதை விரிவாகக் காட்டியது. அருகிலுள்ள முகில்களில் பல இழைகள் ஏறக்குறைய ஒரே அகலத்தில், ஒளியாண்டில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தன. நிறை மிகுந்த இழைகள், குழாயிலிருந்து மெல்ல ஒழுகும் நீர் துளித்துளியாகப் பிரிவதுபோல, ஈர்ப்பால் விண்மீன்களாகப் போகும் அடர்ந்த கருக்களாகப் பிரிகின்றன. இழைகள் சந்திக்கும் இடங்களில் வாயு குவிவதால் கொத்துகள் அங்கேதான் அதிகம் பிறக்கின்றன. அகலம் ஏன் ஒன்றுபோல் இருக்கிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இரட்டை விண்மீன்களும் இப்படித்தானா?

சில அப்படி. சில, பிறக்கும் விண்மீனைச் சுற்றியுள்ள வாயுவும் தூசும் நிறைந்த வட்டு உடைவதால் வருகின்றன. பெர்சியஸிலுள்ள எல்1448 ஐஆர்எஸ்3பி என்ற மும்மை அமைப்பில், அத்தகைய வட்டின் சுருள் கரத்தில் மூன்றாவது விண்மீன் உருவாவதைச் சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கி காட்டியது.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்: முகிலில் உள்ள வாயு எல்லாம் விண்மீனாகிவிடுமா? கொத்து அப்படியே நிலைக்குமா?

இரண்டு கேள்விக்குமே "இல்லை" என்பதுதான் பதில், ஐயா. முகில் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நூற்றில் சில பங்கே விண்மீனாகிறது; கொத்து பிறக்கும் அடர்ந்த பகுதிகளில் 10 முதல் 30 பங்கு வரை. மீதியைப் பெரிய விண்மீன்களே துரத்திவிடுகின்றன. 1,350 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓரியன் நெபுலாவில், சூரியனைவிட 30 மடங்குக்கு மேல் நிறையுள்ள ஒரே விண்மீனின் புறஊதா ஒளிதான் சுற்றிலும் உள்ள வாயுவை ஒளிரச் செய்து ஊதித் தள்ளுகிறது. வாயு போனால் கட்டிப்பிடித்த ஈர்ப்பும் போகும். முகிலுக்குள் பிறக்கும் கொத்துகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே கட்டுக்குலையாமல் தப்புகின்றன. நாம் காணும் கார்த்திகை, 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்த அரிய கொத்து. நம் சூரியனும் ஒரு கொத்தில் பிறந்து பிரிந்ததுதான் என்பது பெரும்பாலான வானியலாளர்களின் கருத்து; 460 கோடி ஆண்டுகளில் உடன்பிறந்தவை சிதறிவிட்டன.

வீட்டு மாடியிலிருந்து பார்க்க முடியுமா?

டிசம்பர் முதல் மார்ச் வரை மாலையில் ஓரியனின் மூன்று இடைவார் மீன்களுக்கு அருகே வாள்போலத் தொங்கும் விண்மீன் வரிசையைப் பாருங்கள். அதன் நடுவிலுள்ள மங்கல் புள்ளிதான் நெபுலா. பைனாகுலர் போதும், சிறு தொலைநோக்கி இருந்தால் நடுவிலுள்ள நான்கு விண்மீன்களும் பிரிந்து தெரியும்.

முதலில் கேட்ட ஆசிரியரே மீண்டும்: அடர்த்தி இருந்து, தூசும் இருந்தால் போதும் என்று ஆகிறதா?

போதாது. பால்வழியின் மையத்தருகே "செங்கல்" என்று செல்லமாக அழைக்கப்படும் முகில் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் சூரிய நிறை, ஓரியனைவிட நெருக்கமான வாயு, நிறையத் தூசு. ஆனாலும் விண்மீன் பிறப்பு மிகக் குறைவு. அங்கே தூசு குளிர்ந்தே இருக்கிறது. வாயுவோ 50 கெல்வினுக்கு மேல். மையப் பகுதியின் கடுமையான கொந்தளிப்பு, வெளியேறும் வெப்பத்துக்கு ஈடாக மீண்டும் மீண்டும் சூடேற்றிக்கொண்டே இருக்கிறது. காந்தப்புலமும் வலுவாக இருந்து சுருக்கத்தைத் தடுக்கிறது. குளிர்விக்கும் தூசு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, உள்ளே எவ்வளவு வெப்பம் வந்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.